தாய்மாமன் இரத்தம்

கோவில்பட்டியில் கணித ஆசிரியையாகப் பணிபுரியும் செண்பகவல்லி சொல்லக் கேட்டது. கேட்ட காலம் 2019 ஆவணி, ஒரு விடுமுறை நாளின் பிற்பகல். சொல்லப்படும் நிகழ்ச்சி அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தியது. மதுரையில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் கழிந்த ஒரு முற்பகல், அவ்வளவே. அதே முற்பகலை வேறு மூவர் சொல்லவும் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய வடிவங்கள் விலகும் இடங்களைக் கடைசியில் குறித்திருக்கிறேன். செண்பகவல்லி திரும்பத் திரும்ப வந்து நின்ற இடங்களை நான் சுருக்கவில்லை. இனி வருவது அவர் சொன்னபடியே.

உங்கள் தம்பி மாதிரி. சென்ற முறை மருத்துவர் சொன்னவற்றில் மற்றவையெல்லாம் கரைந்துபோய், இது மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துணுக்குப்போல நிற்கிறது. நாக்கு ஓயாமல் அங்கேயே போகிறது. "உங்க தம்பி மாதிரி இருந்தா, தொடரணுமா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணணும்மா." மென்மையாகத்தான் சொன்னார், மேசையிலிருந்த பேனாவை நேராக்கிக்கொண்டே. தம்பி மாதிரி என்றால் எதில் மாதிரி? ஒரு வேடிக்கையைச் சொல்லி முடிக்கும் முன்பே தானே சிரித்துவிடுவதிலா? கேட்காமல் யாராவது அவன் சக்கர நாற்காலியைத் தள்ளினால் காது மடல் சிவந்துபோவதிலா? சாம்பாரில் முருங்கைக்காய் இருந்தால் எண்ணி எனக்கு ஒன்று கூடுதலாக ஒதுக்கிவைப்பதிலா? ஊசி அதையெல்லாம் பார்க்காது. வயிற்றின் வழியே இறங்கி, நஞ்சுக்கொடியில் ஒரு துணுக்கைக் கிள்ளிக்கொண்டு போன அந்த ஊசிக்கு என் தம்பி நாயகம் என்பது ஒரே ஓர் எழுத்துப்பிழை. தசைகளைக் கட்டிக் காக்கவேண்டிய ஏதோ ஒன்றை உடம்பு செய்யத் தெரியாமல் போன இடம். அந்த இடம் இந்தக் குழந்தையிடமும் இருக்கிறதா என்பதை இன்று சொல்வார்கள். டோக்கன் எண்கள் சிவப்பாக மாறுகின்றன. எனக்கு இன்னும் பலர் முன்னால் இருக்கிறார்கள். நாற்காலி பிளாஸ்டிக், மழைநாளிலும் முதுகு வேர்க்கிறது. என் கணவர் ஆவுடையப்பன் சுவரோரமாக நின்று பெயர்ப்பலகை அளவிலான அந்த அறிவிப்பைப் படிக்கிறார், கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது, தெரிவிப்பதும் கேட்பதும் குற்றம். வந்ததிலிருந்து படிக்கிறார். "மனப்பாடம் ஆயிட்டா? ஒப்பிக்கச் சொல்லட்டா?" என்று கேட்டேன். "வாத்தியாரம்மாட்ட மாட்டுனா இப்படித்தான்," என்று சிரித்துவிட்டு, தேநீர் வாங்கப் போவதாகக் கைகாட்டிவிட்டு வெளியே போனார். உட்கார முடியவில்லை அவருக்கு. காலையில் பேருந்து சாத்தூரைத் தாண்டும்போது, "இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா?" என்று கேட்டேன். அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லுததுதான் செண்பகா," என்றார். நல்ல கணவன் சொல்லும் பதில். எனக்கு அதைக் கேட்டதும் இறங்கி நடந்துவிடலாமென்று தோன்றியது. எல்லாரும் அதை என் கையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார்கள், பூனைக்குட்டியை அடுத்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருவதுபோல. ஆனால் என்னிடம் பதில் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. ஊசி போட்ட அன்றே இருந்தது. குறை இருந்தால் நான் இதைத் தொடரமாட்டேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டதில்லை, ஏனென்றால் அந்த வாக்கியம் முடியும் இடத்தில் நாயகம் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்க்கிறான்.

"ஏத்தா, சொந்தத்துல குடுத்ததா, அசலா?" பக்கத்து நாற்காலி. பெயர் ஜன்னத், உத்தமபாளையத்துக்காரர், மடியில் ஒரு கூடை நிறைய மாதுளம்பழம். இந்தக் கூடத்தில் இதுதான் வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்லப்படுவது. பெயரைக்கூடப் பிறகுதான் கேட்கிறார்கள். "அசல்தான்," என்றேன். "அசலா! நான் எங்க மாமா பையனக் கட்டிட்டு வந்து உக்காந்திருக்கேன். அசல்ல கட்டியும் ஒனக்கு எதுக்கு இந்தச் சீட்டு?" என்று ஏமாற்றப்பட்டவரைப்போலக் கேட்டார். அவருக்கு இரத்தம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று, இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வது. என்னுடையது ஒரு பக்கம் மட்டும் வருவது, தாய் வழி, நான் தூக்கிக்கொண்டு திரிவது, எனக்கு ஒன்றும் செய்யாமல் மகனைப் பிடிப்பது என்று விளக்கினேன், வகுப்பில் விளக்கும் குரலிலேயே. "ஓ, ஒங்க அம்மாட்டருந்து," என்றார் ஜன்னத். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அம்மா இங்கே இல்லாதது நல்லதாயிற்று என்று நினைத்தேன். அம்மா அந்தச் சொல்லைக் கேட்டால் இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். நாயகத்துக்கு நான்கு வயதிருக்கும்போது அவன் கெண்டைக்கால்களைப் பார்த்து ஊரே மெச்சியது. உருண்டு திரண்டு, பிள்ளைக்குப் பயில்வான் கால் என்று. கோவிலில், கல்யாண வீட்டில், பார்க்கிறவர்களெல்லாம் தொட்டுப் பார்ப்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்ததும் அவனைக் கிழக்கே பார்த்து நிறுத்தி, உப்பும் மிளகாயும் எடுத்து, மற்றப் பிள்ளைகளுக்குத் தலையைச் சுற்றுவதுபோலன்றி, அந்தக் கால்களை மட்டும் தனியாகச் சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் நெடி வரவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது என்பது கணக்கு. நெடி வந்ததா வரவில்லையா என்று நான் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். அந்தத் திரட்சிதான் நோய் என்று பிறகு ஒரு மருத்துவர் விரலால் அமுக்கிக் காட்டினார். தசை அழிந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது, பலமில்லை, வெறும் உருவம். நோயென்று தெரியாமலே அந்த நோய்க்குக் கண்ணேறு படாதபடி நாங்கள் காத்து வந்திருக்கிறோம். அவன் தரையிலிருந்து எழும் விதமும் அப்படி நோயின் அடையாளம்தான். முதலில் கையை ஊன்றுவான், பிறகு முழங்காலைப் பிடிப்பான், பிறகு தொடையைப் பிடிப்பான், தன் உடம்பையே ஏணியாக வைத்துத் தானே ஏறி நிற்பான். நான் கைதட்டுவேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. "இன்னொருதரம் ஏறு, இன்னொருதரம் ஏறு." அவனும் எனக்காக உட்கார்ந்து உட்கார்ந்து எழுவான்.

இந்த எண்ணத்தை விட்டுவிடவேண்டும். ஜன்னத் மாதுளையை உரித்து முத்துகளை என் கையில் கொட்டுகிறார். சாப்பிடு, இரத்தம் ஊறும் என்கிறார். இரத்தம். எதைத் தொட்டாலும் அங்கேதான் போகிறது. பதினோராம் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது நான் ஒரு நாணயத்தைச் சுண்டிக் காட்டுவேன். ஐந்து முறை தலை விழுந்துவிட்டதே, அடுத்தது பூவாகத்தானே இருக்கும் என்று எப்போதும் ஒரு பையன் கேட்பான். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாதுப்பா, ஒவ்வொரு சுண்டலும் புதுசு என்பேன். ஆணென்றால் பாதிக்குப் பாதி. பெண்ணென்றால் நோய் பிடிக்காது. ஆனால் பாதிக்குப் பாதி, என்னைப்போலத் தூக்கிக்கொண்டு திரிவாள், பிறகு ஒருநாள் இதே போன்ற பிளாஸ்டிக் நாற்காலியில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவனைப்போல, என்னைப்போல. ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டார்கள். குறை உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்வார்கள். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது என்று அத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், இப்போது என் வயிற்றுக்கு ஞாபகம் இருக்குமோ என்று பயப்படுகிறேன். அன்று கைதட்டியது அதற்கு ஞாபகம் இருக்குமோ என்று. பைத்தியக்காரத்தனம். சிவப்பு எண் மாறுகிறது. நான் இல்லை. இந்தச் சோதனையில் ஒரு முறை இருக்கிறது, அதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குழந்தையிடம் தேடுவதற்கு முன்னால், நோய் இருக்கிறவரிடம் பிழை எங்கே என்று கண்டுபிடித்தாக வேண்டும். இவ்வளவு பெரிய புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதைத் தேடுவது? ஆகவே முதலில் நாயகத்தின் இரத்தம் வேண்டும் என்றார்கள். அவனைப் போன்றது ஒன்று வராமலிருக்க அவனுடைய இரத்தம். அம்மாவும் நானும் அடுக்களையில் நின்று பேசினோம். "அவன்ட்ட எப்படிட்டி கேப்ப?" என்றாள் அம்மா. பிறகு அவளே போய், புது மருந்து ஒன்று வந்திருக்கிறது, உன் இரத்தத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டுமாம் என்று சொன்னாள். நான் கதவோரம் நின்று தலையாட்டினேன். தலைமட்டுந்தான் ஆட்டினேன், வாயைத் திறக்கவில்லை, அது ஒரு வித்தியாசம் என்பதுபோல. இரத்தம் எடுக்க வந்தவரிடம் நாயகம், "அண்ணாச்சி, நல்ல கனமான ரத்தம், பாத்துத் தூக்குங்க, இடுப்புப் பிடிச்சிரப்போவுது," என்றான். அவர் சிரித்தார். ஊசி இறங்கும்போது அவன் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். எத்தனை நேரம் பார்த்தான்? அது சும்மாப் பார்வைதானா? நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். அப்போது எனக்கு வாந்தி வருவது தொடங்கியிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நான் உண்டாகியிருப்பது தெரிந்ததிலிருந்து நாயகம் தன் மடியைத் தயார் செய்கிறான். அதைச் சொன்னால் ஜன்னத் சிரிப்பார். முதல் முடி இறக்கிக் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தானே உட்காரவேண்டும். நாயகத்தைத் தவிர எனக்கு உடன்பிறந்தவன் யார்? கல்யாணமான புதிதில் என் மாமியார் ஒருநாள் பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்: "நாளைக்கு ஒரு விசேசம்னு வந்தா ஒன் பெரியம்மை மகன் இசக்கிராசா மடியில வச்சுக்கிடலாம், அவனும் மாமன் மொறதானே. நாயகம் பக்கத்துல இருந்தாப் போதும், பாவம்." கெட்ட மனுசி இல்லை அவர். பிள்ளை நழுவிவிடும் என்ற பயம். அந்தப் பேச்சு எப்படியோ நாயகம் காதுக்குப் போயிற்று. இப்போது அவன் சாயங்காலங்களில் ஐந்து கிலோ அரிசிப் பையை மடியில் ஏற்றச்சொல்லி, நாற்காலி வாரைச் சுற்றி மாட்டிக்கொண்டு, கிரிக்கெட் பார்க்கிறானாம். விக்கெட் விழுந்தால் துள்ளக்கூடாது என்று பழகுகிறானாம். "ஒன் தம்பி கிறுக்கு கூடிப்போச்சு, அரிசிக்குப் பொன்னின்னு பேரு வச்சுக் கொஞ்சுதான்," என்று அம்மா போனில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் முடிவு செய்து வைத்திருப்பதை முடிவு செய்து வைத்துக்கொண்டே சிரித்தேன். அந்த மடி எதற்குக் காத்திருக்கிறதோ அதைப்பற்றிச் சாட்சி சொல்ல அவன் இரத்தத்தையே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்தக் கூடத்தில் இருக்கிற இத்தனை பெண்களும் நல்ல பதில் வரவேண்டுமென்று வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள். என்னால் முணுமுணுக்க முடியவில்லை. குறை இருக்கக்கூடாது என்று வேண்ட வாயெடுத்தால், நாயகம் இருக்கக்கூடாது என்று வேண்டுவதுபோல இருக்கிறது. அப்படியில்லை, அவன் படும் பாடு இன்னொரு உயிருக்கு வேண்டாம் என்பது வேறு, அவன் வேண்டாம் என்பது வேறு, இரண்டும் வேறு வேறு சமன்பாடு என்று நிறுவப் பார்க்கிறேன். பாதி வரி வரைக்கும் சரியாக வருகிறது. பிறகு மூன்று நாள் மூச்சுமுட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த அவன் வருகிறான், விலா எலும்பு ஏறி இறங்க. அதற்கு மறுவாரமே வீட்டில், கோலப்போட்டிக்குக் கோடு சரியில்லை என்று நாற்காலியிலிருந்து என்னை அதட்டுகிற அவனும் வருகிறான். எந்த நாயகத்தை வைத்து நிறுவுவது?

போன் அடித்தது. அவன்தான். "எக்கா, கூப்ட்டாச்சா?" "இல்லல, இன்னும் நேரமாவும்." "அத்தான் எங்க?" "டீ வேங்கப் போயிருக்காங்க." "போயி எவ்வளவு நேரமாச்சு? தேயிலை பறிக்க மூணாறுக்குப் போயிட்டாரான்னு பாரு. நீ எதும் சாப்ட்டியா?" "மாதுளம்பழம் தின்னேன். அம்மா எங்கல?" "அம்மா ரேசன் கடைக்குப் போயிருக்கா. நானும் பொன்னியும்தான் இருக்கோம். எக்கா, டாக்டரப் பாத்தா என் மருந்து என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேளு, என்ன." சாதாரணமாகத்தான் கேட்டான். அவனுக்குப் பின்னால் எங்கள் வீட்டு மின்விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் கடக், கடக் என்று. அப்பா இருந்த காலத்திலிருந்து மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் விசிறி. சொல்லிவிடவேண்டும், பதில் தெரிவதற்கு முன்னால் சொன்னால்தான் அது சொன்னதாகும், தெரிந்தபிறகு சொன்னால் அது வேறு ஏதோ ஒன்று, மன்னிப்புக் கேட்பது அல்லது ஆறுதல் சொல்வது. எழுந்து சுவரோரம் போனேன். "நாயகம், இங்க பாரு. அன்னைக்கு ஒன்ட்ட எடுத்த ரத்தம் இருக்குல்லா, அது ஒன் மருந்துக்கு எடுத்தது இல்லல. அது எனக்கு..." "எக்கா, எக்கா, ஒண்ணுமே கேக்கல," என்றான். "அம்மா மிக்ஸி போட்டுட்டா. பேரிரைச்சலா இருக்கு." நான் பேச்சை நிறுத்தினேன். கடக், கடக். அவன் மூச்சு கேட்டது. அதைத் தவிர விசிறி, கடக், கடக். "கேக்கலையா?" என்றேன். "கேக்கலக்கா. பெறகு பேசு. நீ மொதல்ல உள்ள போயிட்டு வா." எவ்வளவு அமைதியான வீடு அது. ஒரு மடக்கு எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. அவன் வைக்கவும் இல்லை, நானும் வைக்கவில்லை. பிறகு, "பொன்னி நழுவுதா, வச்சிருதேன்," என்று வைத்தான்.

இரத்தம் எடுத்த அன்றே அவனுக்குத் தெரியும். அந்தப் பார்வை சும்மாப் பார்வை இல்லை. நாளெல்லாம் கைபேசியில் தன் நோயைப் பற்றி உலகத்திலிருக்கும் அத்தனையும் படிக்கிறவனுக்கு, அந்த மாதத்தில், அந்த வாந்தியோடு நிற்கும் அக்காளைப் பார்த்துக்கொண்டு, எதற்கு இரத்தம் என்று தெரியாதா? தெரிந்துதான் கையை நீட்டினான். நீட்டிவிட்டு, கனமான இரத்தம் என்று வேடிக்கையும் பேசினான். நாங்கள் அவனை ஏமாற்றினோம் என்று இத்தனை நாளும் நான் சுமந்ததை அவன் ஒரு மிக்ஸியைப் போட்டு அரைத்துவிட்டான். ஆனால் அது எனக்கு இலேசாகவில்லை. தெரிந்தே கொடுத்தான் என்றால் அவன் பதிலும் என் பதிலும் ஒன்றா? அல்லது எந்தப் பதிலாக இருந்தாலும் நான் அதை அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்லட்டும் என்று விட்டுக்கொடுத்தானா? கேட்கவும் வழியில்லை, கேட்டால் மிக்ஸி ஓடும். ஆவுடையப்பன் தேநீரோடு வந்து நின்றார், கோப்பையின் விளிம்பில் பாதி சிந்தியிருந்தது. "கூப்பிடுதாங்க செண்பகா," என்றார். நிமிர்ந்து பார்த்தால் சிவப்பில் என் எண். ஜன்னத் என் உள்ளங்கையில் எஞ்சியிருந்த மாதுளை முத்துகளைத் தன் கையில் வாங்கிக்கொண்டார், "போ, நல்லதே சொல்லுவாங்க," என்று. எது நல்லது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கதவுக்கு உள்ளே குளிர். மருத்துவர் என்னை உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டார். நெடுங்காலம் இதைச் சொல்லிச் சொல்லி, காக்கவைப்பது பாவம் என்று கற்றிருப்பார்போலும். "உங்க தம்பிக்கு இருக்கிற குறை இந்தக் குழந்தைக்கு இல்லம்மா." அப்பாடா என்றேன். வாய்விட்டு, உரக்க, மேசைமேலிருந்த காகிதம் அசையும்படி. ஆவுடையப்பன் அழுதார். நானும் அழுதேன், ஆனால் அந்த அப்பாடா அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது, யாரோ நாலாவது ஆள்போல. அது பொய்யில்லை. என் வாழ்நாளில் நான் விட்ட மிக உண்மையான மூச்சு அதுதான். அவனுக்குக் கேட்டிருக்கக்கூடாது என்று மட்டும் நினைத்தேன், கோவில்பட்டி அவ்வளவு தொலைவில் இருந்தும். வெளியே வந்து அவனை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். கடக், கடக். குறை இல்லையாம் என்று சொல்ல முடியாது, அந்தச் சொல்லை அவனிடம் எப்படிச் சொல்வது. "எல்லாம் சரியா இருக்காம்ல," என்றேன். விசிறி நாலைந்து சுற்றுச் சுற்றியது. பிறகு, "சந்தோசம். காதுகுத்துக்கு என் மடியின்னு ஒன் மாமியார்ட்ட இப்பவே சொல்லிப்போடு, கடைசி நேரத்துல இசக்கிராசா வந்து உக்காந்துக்கிடுவான்," என்றான். சொல்லுதேன் என்றேன். "என் மருந்து கேட்டியா?" என்றான். "கேட்டேன்," என்றேன். "இன்னும் வரலையாம்ல." "வரட்டும்க்கா," என்றான் நாயகம். "அவசரமில்ல."

செண்பகவல்லியின் வடிவம் இத்துடன் முடிகிறது. உத்தமபாளையம் ஜன்னத் பீவி இதனை அந்தக் கூடத்துக்குப் புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லக் கேட்டேன். அவர் வடிவத்தில் குழந்தைக்குக் குறை இருந்தது, அந்தப் பெண் வெளியே வந்து, என் தம்பியின் மடி காத்திருக்கிறது, எதுவானாலும் பெறுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆவுடையப்பன் சொல்வதில் மருத்துவரின் பதில் செண்பகவல்லி சொன்னதுதான். ஆனால் பேருந்து சாத்தூரைத் தாண்டும்போதே, இருந்தாலும் வைத்துக்கொள்வோம் என்று தாம் சொல்லிவிட்டதாக அவர் சொல்கிறார். தம்பி கோமதிநாயகத்தின் வடிவம் எல்லாவற்றிலும் சிறியது. அதில் ஊசியும் இல்லை, சோதனையும் இல்லை. அக்காள் மதுரைக்குப் போனது அவருடைய மருந்தை விசாரிக்க, மருந்து இன்னும் வரவில்லை. அவர் அதைச் சொன்னபோது, காது குத்தி ஆறாத பிள்ளையொன்று அவர் மடியில் உறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியின் வார் இருவரையும் சேர்த்து மாட்டியிருந்தது. அன்று தொலைபேசியில் அக்காள் ஏதோ சொல்ல வந்தாராமே என்று கேட்டேன். பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று சைகை காட்டிவிட்டு, மெல்லச் சொன்னார்: "மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு அண்ணாச்சி."